1860 சென்சஸ்: அடிமை வைத்திருந்தவர்கள் 1.4% தானா? சொத்து ஏற்றத்தாழ்வை எப்படிக் கணக்கிடுவது?

ஏட்டுச்சுவடி கேட்டது:

உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தென் மாநிலங்களில் சொத்து யார் யாரிடம் இருந்தது என்பது பற்றிய கட்டுரை ஒன்றுக்காகக் கேட்கிறேன். முதல் பத்தியிலேயே எண்கள் முட்டிக்கொள்கின்றன. ஓர் இடத்தில் “1.4% பேரிடம் மட்டுமே அடிமைகள் இருந்தார்கள்” என்று இருக்கிறது. இன்னோர் இடத்தில் “நான்கில் ஒரு குடும்பம்”. மூன்றாவது இடத்தில் “மிசிசிப்பியில் பாதிக் குடும்பங்கள்”. மூன்றுமே 1860 சென்சஸைத்தான் ஆதாரமாகக் காட்டுகின்றன.

என் கேள்விகள்:

1. இவற்றில் எதை எழுதுவது?
2. 39.5 லட்சம் அடிமைகளை ஏறத்தாழ 3.9 லட்சம் உடைமையாளர்களால் வகுத்தால் ஆளுக்குப் பத்து வருகிறது. “சாதாரண உடைமையாளரிடம் பத்து அடிமைகள்” என்று எழுதலாமா?
3. ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்ல ஜினி கெழு (எல்லாரிடமும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1) போடலாம் என்று நினைக்கிறேன். அடிமைகளைச் சொத்து வரிசையில் எண்ணுவதா, மக்கள் வரிசையில் எண்ணுவதா?

---

வகுத்தல்கணக்கு பதில்:

மூன்று எண்களும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. எதை வகுக்கிறோம் என்பதில் மாற்றமில்லை, எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் விளையாட்டு நடக்கிறது.

உடைமையாளர் எண்ணிக்கையாக 3,93,975ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகை 3,14,43,321. வகுத்தால் 1.25%. ஆனால் அந்த மொத்தத்துக்குள் அடிமைகளாக இருந்த 39,53,760 பேரும் அடக்கம். விற்கப்பட்டவர்களையே “அடிமை வைத்திருக்காதவர்கள்” பட்டியலில் சேர்த்து விழுக்காட்டைக் குறைக்கும் கணக்கு இது. அவர்களைக் கழித்தால் மீதி 2,74,89,561, விடை 1.43%. நீங்கள் பார்த்த 1.4% இங்கேதான் பிறக்கிறது. இதிலும் நியூயார்க், ஒஹையோ, மாசசூசெட்ஸ் என்று அடிமைமுறை சட்டப்படி இல்லாத மாநிலங்களின் மக்கள் எல்லாம் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடிமைமுறை சட்டப்படி இருந்த 15 மாநிலங்களின் சுதந்திர மக்கள் சுமார் 82.9 லட்சம். அவர்களால் வகுத்தால் 4.75%. இதுவும் போதாது, ஏனென்றால் பத்திரம் குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும். அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் அதே உழைப்பைத்தான் உண்டு உடுத்தி வாழ்ந்தார்கள், ஆனாலும் கணக்கில் அந்த ஐந்து பேரும் “உடைமையில்லாதவர்” ஆகிவிடுகிறார்கள். ஆகவே குடும்பத்தால் வகுப்பதுதான் முறை. அந்த 15 மாநிலங்களில் சுதந்திரக் குடும்பங்கள் 15 லட்சத்துச் சொச்சம். விடை 26%.

இந்தச் சராசரிக்குக் கீழே பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது:

மிசிசிப்பி: 63,015 குடும்பங்கள், 30,943 உடைமையாளர்கள், 49%
தென் கரோலினா: 58,642 குடும்பங்கள், 26,701 உடைமையாளர்கள், 46%
ஜார்ஜியா: 1,09,919 குடும்பங்கள், 41,084 உடைமையாளர்கள், 37%
டெலவேர்: 18,966 குடும்பங்கள், 587 உடைமையாளர்கள், 3%

அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்துபோன ஏழு மாநிலங்களை மட்டும் எடுத்தால் சுமார் 37%. போர் தொடங்கிய பிறகு பிரிந்த நான்கில் சுமார் 25%. ஒன்றியத்திலேயே தங்கிய எல்லை மாநிலங்களில் சுமார் 16%. பிரிந்த வரிசையும் இந்த விழுக்காட்டு வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன. கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. “ஒரு குடும்பத்துக்கு ஓர் உடைமையாளர்” என்ற ஊகத்தின் மேல்தான் இந்த 26% நிற்கிறது. தாய் பெயரில் மூவர், மகன் பெயரில் இருவர் என்று ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு உடைமையாளர்கள். இரண்டு கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டங்கள்) தோட்டம் உள்ள ஒருவர் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார். இவை விழுக்காட்டைக் கூட்டிக் காட்டும். மறுபுறம், அடிமையை ஆண்டு வாடகைக்கு எடுத்து வேலை வாங்கிய குடும்பம் எந்தக் கணக்கிலும் வராமல் போயிருக்கலாம். ஆகவே “சுமார் கால்வாசிக் குடும்பங்கள்” என்று எழுதுங்கள், புள்ளிக்குப் பின்னால் இலக்கம் வேண்டாம்.

---

கூட்டல்கழித்தல் பதில்:

இரண்டாம் கேள்விக்கு: எழுதக் கூடாது. பத்து என்பது வெறும் சராசரி. 1860 சென்சஸில் உடைமை அளவுவாரியான அட்டவணை இருக்கிறது. அதைப் போட்டுப் பார்ப்போம். இடப்பக்கம் அடிமைகளின் எண்ணிக்கை, வலப்பக்கம் அத்தனை பேரை வைத்திருந்த உடைமையாளர்கள்:

1: 76,670
2: 45,934
3: 34,747
4: 28,907
5 முதல் 9 வரை: 89,423
10–14: 40,367
15–19: 21,315
20–29: 20,789
30–39: 9,648
40–49: 5,179
50–69: 5,217
70–99: 3,149
100–199: 1,980
200–299: 224
300–499: 74
500–999: 13
1,000க்கு மேல்: 1

கூட்டினால் 3,83,637. மேலே வகுத்தல்கணக்கு எடுத்த 3,93,975 வேறு மொத்தம். புத்தகங்களில் இரண்டும் புழங்குகின்றன. எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தொகுதியையும் (மேல் எண்) மற்றதன் பகுதியையும் (வகுக்கும் கீழ் எண்) கலந்தால் கணக்கு உதைக்கும்.

அட்டவணையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது: மூலத்தில் “10, 15க்குக் கீழ்” என்ற பொருளில் கட்டங்கள் இருக்கின்றன. 10–15, 15–20 என்று அப்படியே நகலெடுப்பவர்கள் 15ஐ இரண்டு கட்டத்திலும் சேர்த்துவிடுகிறார்கள்.

இனி கூட்டுங்கள். 1 முதல் 4 வரை வைத்திருந்தவர்கள் 1,86,258 பேர், அதாவது உடைமையாளர்களில் 48.6%. ஒன்பது வரை எடுத்தால் 71.9%, 19 வரை 87.9%. மிச்சம் 46,274 பேர், வெறும் 12%. இருபது பேரோ அதற்கு மேலோ வைத்திருந்த இவர்களைத்தான் ‘பிளான்டர்’ என்று வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் குறிக்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் என்றால் 10,658 பேர். நூறுக்கு மேல் 2,292 பேர்.

அடுத்து, எத்தனை மனிதர்கள் எந்த அடுக்கில் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒன்பது வரை கட்டங்கள் மூலத்தில் தனித்தனியாக இருப்பதால் துல்லியமாகப் பெருக்கலாம். 1–4 அடுக்கில் 3,88,407 பேர். 5–9 அடுக்கில் 5,96,785 பேர். 10–19 அடுக்கு மதிப்பீடுதான், சுமார் 8.4 லட்சம். நடுப்புள்ளியாக 12ஐயும் 17ஐயும் எடுக்காமல் அதற்குச் சற்றே கீழே எடுங்கள். உடைமைகள் ஒவ்வொரு கட்டத்திலும் கீழ் விளிம்பை ஒட்டியே குவிந்திருக்கும், நடுப்புள்ளி எடுத்தால் மிகையாகும்.

ஆக, இருபதுக்குக் கீழ் சுமார் 18.25 லட்சம் பேர். 39.54 லட்சத்திலிருந்து கழித்தால் 20க்கு மேற்பட்ட அடுக்கில் 21.3 லட்சம், அதாவது 54%. நேர்வழியாக மேல் கட்டங்களைப் பெருக்கிக் கூட்டினால் 20 லட்சம்தான் வரும், அதன் பங்கு 52%. இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. இடைவெளி எவ்வளவு என்று தெரிந்தால்தான் எத்தனை துல்லியம் கோரலாம் என்று தெரியும். இங்கே “பாதிக்குச் சற்று மேல்” என்பது பாதுகாப்பான சொல்.

ஆக உங்கள் ‘பத்து’க்கு மூன்று விடைகள் இருக்கின்றன. சராசரி உடைமை 10. வரிசையில் நடுவில் நிற்கும் உடைமையாளரிடம் 5 பேர். ஆனால் அடிமைப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், அவர் இருந்தது இருபதுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட தோட்டத்தில். உடைமையாளர் பக்கமிருந்து பார்த்தால் சிறு பண்ணை, அடிமைப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் பெருந்தோட்டம். “பெரும்பாலோர் சிறு உடைமையாளர்கள்தான்” என்ற வாக்கியம் முதல் பார்வையை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதைத் தனியாக எழுதாதீர்கள்.

ஜினிக்கு வருவோம். உடைமையாளர்களுக்குள் மட்டும் என்றால் லோரன்ஸ் வளைவின் (கீழிருந்து இத்தனை விழுக்காட்டினரிடம் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று காட்டும் கோடு) புள்ளிகள் இவை: கீழ் 48.6% பேரிடம் 9.8%, கீழ் 71.9% பேரிடம் 25%, கீழ் 87.9% பேரிடம் 46%, கீழ் 97.2% பேரிடம் 77%. புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து வளைவுக்குக் கீழுள்ள பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டினால் சுமார் 0.2 வரும். ஜினி = 1 − 2 × பரப்பு, ஆகவே 0.6. (புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கும், குறையாது.)

உடைமையில்லாத குடும்பங்களையும் சேர்க்க எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டாம். பூஜ்யங்களைச் சேர்க்கும்போது ஒரு நேரான சூத்திரம் உண்டு. உடைமை உள்ளோர் பங்கு ‘ப’ என்றால்:

மொத்த ஜினி = (1 − ப) + ப × பழைய ஜினி

ப = 0.25 என்று வைத்தால் 0.75 + 0.25 × 0.6 = 0.90. சுதந்திரக் குடும்பங்களுக்கு இடையே அடிமை உடைமையின் ஜினி 0.9 பக்கம் என்று எழுதலாம். நிலம், வீடு, கால்நடை எல்லாம் சேர்ந்த மொத்தச் சொத்தின் ஜினி இதைவிடக் குறைவாக, ஆனாலும் 0.8க்கு மேல் இருக்கும். இரண்டும் வேறு வேறு அளவுகள். ஒன்றின் பெயரில் மற்றதைச் சொல்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

---

பழம்பத்திரம் பதில்:

அட்டவணைகள் எந்தத் தாளிலிருந்து வந்தன என்று தெரியாமல் எண்களை நம்ப வேண்டாம். மூலத் தாள்களைப் பற்றி:

1850, 1860 இரண்டிலும் சுதந்திர மக்களுக்கு ஒரு படிவம், அடிமைகளுக்கு வேறொரு படிவம். அடிமைப் படிவத்தில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக ஒவ்வொருவரின் வயது, பால், நிறம். தப்பியோடியவரா, விடுவிக்கப்பட்டவரா, பார்வையற்றவரா, காது கேளாதவரா என்றெல்லாம் பத்திகள் உண்டு. 1860இல் அடிமைக் குடிசைகளின் எண்ணிக்கையும் சேர்ந்தது. பெயருக்கு மட்டும் பத்தி இல்லை. வயது 30, ஆண், கறுப்பு என்ற ஒரு வரியோடு ஒரு மனிதர் முடிந்துவிடுகிறார்.

சொத்து மதிப்பு சுதந்திர மக்களின் படிவத்தில் இருக்கிறது. 1850இல் நிலபுலன் மதிப்பு மட்டும். தனிச்சொத்து மதிப்புக்கான பத்தி 1860இல்தான் வந்தது. 1860 அறிவுரையில் தனிச்சொத்து என்றால் பத்திரங்கள், அடமானங்கள், கடன் சீட்டுகள், அடிமைகள், கால்நடை, வெள்ளிப் பாத்திரம், நகை, தட்டுமுட்டுச் சாமான்கள் என்று ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே 1850ஐயும் 1860ஐயும் நேராக ஒப்பிட்டு “பத்தாண்டில் சொத்து இத்தனை மடங்கு பெருகியது” என்று எழுதினால் தவறு. முதலாவதில் அடிமைகளின் விலையே சேரவில்லை.

இரண்டு படிவங்களையும் இணைத்துப் பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். ஒரு கவுண்டியைத் தேர்ந்துகொண்டு, அடிமைப் படிவத்தில் ஒவ்வொரு உடைமையாளருக்கும் தலைகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள், ஒவ்வொன்றிலும் 40 வரிகள். ஓர் உடைமையாளரின் பட்டியல் இடப்பத்தியின் அடியில் தொடங்கி வலப்பத்தியில் தொடரும், அடுத்த பக்கத்துக்கும் போகும். மேலே பெயர் மறுபடி எழுதப்படாததால் எண்ணுபவர்கள் இங்கேதான் தொடர்ச்சியை விடுகிறார்கள். பிறகு அதே பெயரைச் சுதந்திர மக்கள் படிவத்தில் தேடித் தனிச்சொத்து மதிப்பை எடுங்கள். அதை அடிமைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 500 முதல் 1,000 டாலர் வரை வந்தால் பொருந்துகிறது. 200க்குக் கீழே வந்தால் ஏதோ சரியில்லை: வேறு ஆளைப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அந்த அடிமைகள் அவருடையவர்கள் அல்ல.

இரண்டாவது சந்தேகத்துக்கு வலுவான காரணம் உண்டு. 1850 அறிவுரை, அடிமை யாருடைய வீட்டில் அல்லது தோட்டத்தில் வேலை செய்கிறாரோ அவரையே உடைமையாளராகக் கொள்ளச் சொல்கிறது. அடிமைகளின் எண்ணிக்கையைப் பெறுவதே நோக்கம், எஜமானர்களின் எண்ணிக்கையை அல்ல என்று காரணமும் சொல்கிறது. ஆகவே வாடகைக்கு எடுத்தவர், காப்பாளர், இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர், தொழிற்சாலை எல்லாம் “உடைமையாளர்” பத்தியில் வந்து நிற்கும். ரிச்மண்டில் டிரெடகார் இரும்பாலை போன்ற நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்தவர்களையும் வேலை வாங்கின. அங்கே ஒரு பெயரின் கீழ் நிற்கும் கூட்டம் பல வீடுகளின் சொத்து. 1860 தாள்களிலும் சில இடங்களில் உடைமையாளர், வேலைக்கு வைத்திருப்பவர் என்று இரண்டு பெயர்களும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும்.

உச்சியிலும் இதே சிக்கல். ஆயிரத்துக்கு மேல் வைத்திருந்த அந்த ஒற்றை உடைமை, தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் பகுதியில் நெல் தோட்டங்கள் வைத்திருந்த ஜோஷுவா ஜான் வார்டின் குடும்பச் சொத்து. வார்டு இறந்தது 1853இல். அட்டவணையில் ஓர் ஆளாகத் தெரிவது உண்மையில் வாரிசுகளுக்குப் போன எஸ்டேட்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை: நிலத்தின் மேல் கடன் இருந்தாலும் கழிக்காமல் முழு மதிப்பைப் போடச் சொன்னது சென்சஸ். தென் மாநிலங்களில் கடனுக்கு முதல் ஈடு அடிமைகள்தான். லூசியானாவில் 1827இல் தொடங்கிய தோட்டக்காரர்களின் வங்கியில் தோட்டத்தையும் அடிமைகளையும் அடமானம் வைத்துத்தான் பங்கு வாங்கினார்கள். அந்த மாநிலத்தின் 1825 சிவில் சட்டத்தில் அடிமைகள் அசையாச் சொத்து. 50,000 டாலர் என்று எழுதியிருப்பவரிடம் கடன் போக எவ்வளவு மிஞ்சியது என்பது சென்சஸில் கிடைக்காது, அடமானப் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் இரண்டு கேள்விகளும் தெளிந்தன. மூன்றாவதில் பாதி நிற்கிறது: அடிமைப்பட்டவர்களையும் மக்களாக எண்ணினால் ஜினி என்ன ஆகும்? அவர்களுடைய விலையைச் சொத்தில் சேர்க்காமல் விட்டால்? நல்ல நிலையிலிருந்த அடிமை ஒருவரின் விலை 1,800 டாலர் என்று பார்த்தேன். அதை 39.5 லட்சத்தால் பெருக்கினால் 711 கோடி டாலர் வருகிறது. சரியா?

---

கூட்டல்கழித்தல் பதில்:

711 கோடி தவறு. 1,800 என்பது 1860 வாக்கில் நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் உடல் வலுவுள்ள இளம் ஆண் ஒருவருக்குக் கேட்ட விலை. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் எல்லாரும் சேர்ந்த சராசரி சுமார் 800 டாலர். பெருக்கினால் ஏறக்குறைய 316 கோடி. ஆய்வாளர்களின் மதிப்பீடுகளும் 300 முதல் 350 கோடிக்குள்தான் நிற்கின்றன. இது எவ்வளவு பெரிது என்று காட்ட: அதே ஆண்டில் நாடு முழுவதும் உற்பத்தித் தொழில்களில் போட்டிருந்த மூலதனம் சுமார் 100 கோடி, ரயில்பாதைகளில் அதைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டையும் சேர்த்தாலும் அடிமைகளின் விலைக்குக் கீழேதான்.

இப்போது ஜினி. தென் கரோலினாவில் 7,03,708 பேரில் 4,02,406 பேர் அடிமைகள், 57%. சுதந்திரமானவர்களுக்குள் சொத்தின் ஜினி 0.8 என்று உதாரணத்துக்கு வைப்போம். அடிமைப்பட்டவர்களைச் சொத்தில்லாத மக்களாகச் சேர்த்தால் அதே சூத்திரம்: 0.57 + 0.43 × 0.8 = 0.914. கவனம், இது தலைக்கணக்கு. குடும்பக் கணக்கோடு கலக்காதீர்கள்.

சட்டத்தின் கண்ணில் இவர்களுக்குச் சொத்தே இல்லை, ஆகவே பூஜ்யம் என்பது முறையான மதிப்பு. கோழி, தோட்டப் பயிர், சில்லறைக் காசு என்று சிலர் சேர்த்து வைத்திருந்தார்கள்தான், ஆனால் அது எஜமானர் விட்டுவைக்கும் வரைதான்.

இதற்கு மேல் ஒரு படி போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன். அடிமையின் விலை என்பது என்ன? அவர் இனி வாழ்நாளெல்லாம் உழைத்துத் தரப்போவதிலிருந்து அவருக்குப் போடும் சோறு துணியைக் கழித்த மிச்சத்தின் இன்றைய மதிப்பு. சுதந்திரமான கூலிக்காரருக்கும் அதே உழைப்புத் திறன் உண்டு, அதை எந்தச் சென்சஸும் அவர் சொத்தாக எழுதுவதில்லை, ஏனென்றால் அது அவரிடமே இருக்கிறது. ஆக அந்த 316 கோடி புதிதாக உருவான செல்வம் அல்ல. 39.5 லட்சம் பேரிடமிருந்து எடுத்து வேறு பெயர்களில் எழுதப்பட்டது. ஒப்பீட்டில் இதன் விளைவு பெரிது: சுதந்திரமான ஆண் ஒருவருக்குச் சராசரிச் சொத்து என்று பார்த்தால் தெற்கு வடக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அடிமைகளின் விலையை நீக்கிவிட்டால் அந்த முன்னிலையின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

ஆகவே கட்டுரையில் மூன்று வரிகள் போடுங்கள்: சுதந்திரக் குடும்பங்களுக்குள் அடிமைகளின் விலையோடு, சுதந்திரக் குடும்பங்களுக்குள் அந்த விலை இல்லாமல், எல்லா மக்களுக்குமாக. ஒரே எண்ணைக் கொடுத்து நிறுத்தினால் எந்தக் கேள்விக்கு விடை என்றே படிப்பவருக்குத் தெரியாது.

---

பருத்திவழி பதில்:

1860ஐ மட்டும் பார்த்தால் ஒரு படம்தான் கிடைக்கும். போக்கையும் சேருங்கள். 1830இல் தென் மாநிலக் குடும்பங்களில் சுமார் 36% அடிமை வைத்திருந்தன, 1850இல் சுமார் 31%, 1860இல் கால்வாசி. முப்பது ஆண்டில் ஏணியின் கீழ்ப்படிகள் உடைந்துகொண்டே வந்தன. 1808இலிருந்து வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை. 1850களில் பருத்தி நல்ல விலைக்குப் போனது, அடிமைகளின் விலையும் கூடவே ஏறியது. ஏற்கெனவே வைத்திருந்தவருக்கு உட்கார்ந்த இடத்தில் சொத்து பெருகியது, அடிமைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படி அவர் கணக்கிலேயே ஏறின. இல்லாதவருக்கு முதல் அடிமையின் விலை பல ஆண்டுக் கூலிக்கும் எட்டாத உயரத்துக்குப் போனது.

வரியும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. விர்ஜீனியாவின் 1851 அரசமைப்பு, 12 வயது நிரம்பிய அடிமை ஒருவருக்கான வரி 300 டாலர் மதிப்புள்ள நிலத்துக்கான வரிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போட்டது. 12க்குக் கீழே வரியே இல்லை. பத்தாண்டு முடிவதற்குள் சந்தை விலை ஆயிரத்தைத் தாண்டியும் வரி 300லேயே நின்றது. சிறு விவசாயியின் நிலத்துக்கோ முழு மதிப்புக்கும் வரி. வட கரோலினாவில் 12 முதல் 50 வயது வரை உள்ள அடிமைகளுக்குத் தலைவரி. விலைப்படி வரி போடு என்ற கோரிக்கையே 1860 தேர்தலில் அங்கே பெரிய சண்டையானது. வரிப் பட்டியல்களைத் தரவாகப் பயன்படுத்தும்போது இதை மறக்காதீர்கள்: குழந்தைகளும் முதியவர்களும் அதில் இருக்க மாட்டார்கள். சென்சஸோடு ஒப்பிட்டு “அடிமைகளின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டது” என்று எழுதியவர்கள் உண்டு.

போரின்போது 1862 அக்டோபரில் தெற்குக் கூட்டமைப்பு (பிரிந்த மாநிலங்கள் அமைத்த அரசு) கொண்டுவந்த சட்டப்படி, இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளை ஆண் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்குப் பெறலாம். மேலே உள்ள அட்டவணையில் 20 என்ற கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்: உடைமையாளர்களிலேயே 12% பேர்தான் அதற்கு மேல்.

அடிமைமுறை முடிந்தபின் சொத்து என்ன ஆனது என்றும் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். வாஷிங்டன் நகரில் மட்டும் 1862 ஏப்ரல் சட்டப்படி உடைமையாளர்களுக்கு ஆளுக்குச் சராசரி 300 டாலர் உச்சவரம்போடு ஈடு கொடுத்தார்கள். விடுதலையானவர்களுக்கு அல்ல, வைத்திருந்தவர்களுக்கு. மற்ற இடங்களில் ஈடு கிடையாது, அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தின் 4ஆம் பிரிவு அதை வெளிப்படையாகவே தடுத்தது. அந்த முந்நூறு கோடி உடைமையாளர்களின் ஏடுகளிலிருந்து அழிந்தது. நிலம் மட்டும் அவர்களிடமே தங்கியது. 1865 ஜனவரியில் கரையோர நிலங்களைத் துண்டு துண்டாக விடுதலையானவர்களுக்கு ஒதுக்கிய ராணுவ ஆணையை, அதே ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் ஜனாதிபதி ஜான்சன் தலைகீழாக்கினார். 1900 வாக்கில் பழைய உடைமையாளர்களின் பிள்ளைகள் ஏறத்தாழ இழந்ததை மீட்டிருந்தார்கள் என்று குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக இணைத்துப் பார்த்த ஆய்வு காட்டுகிறது. திருமணம், தொடர்பு, பழக்கமான கடன் வாசல் இவையெல்லாம் சட்டம் தொடாத சொத்துகள்.

---

பழம்பத்திரம் பதில்:

கடன் போக நிகரச் சொத்து வேண்டும் என்றால் ஒரு வழி மிச்சமிருக்கிறது: இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள். கவுண்டி நீதிமன்றங்களில் உயிலோடு சேர்த்து வைத்திருப்பார்கள். மதிப்பிடுபவர்கள் வீட்டுக்கு வந்து பொருள் பொருளாக விலை போட்டு எழுதியவை. பிறகு கடன் தீர்த்த கணக்கும் அதே கட்டில் இருக்கும். பட்டியலின் மொத்தத்திலிருந்து அந்தக் கடனைக் கழித்தால் நிகரம்.

பிழை எங்கே வரும் என்றால், இறப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், வயதானவர்களிடம் சொத்து அதிகம். அப்படியே சராசரி எடுத்தால் மிகையாகும். இறந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்து, உயிரோடிருந்தவர்களின் வயதுப் பங்குப்படி எடை போடுங்கள். அத்தோடு, ஒன்றும் இல்லாதவருக்கு யாரும் பட்டியல் எழுதவில்லை. அவர்களைப் பூஜ்யமாகத் திருப்பிச் சேர்க்க மேலே கொடுத்த அதே சூத்திரம் உதவும்.

இந்தத் தாள்களிலிருந்து எடுக்கும்போது உங்கள் தரவுத் தாளில் ஒரு பத்தி கூடுதலாக வையுங்கள். சென்சஸில் இல்லாத பெயர்கள் இங்கே இருக்கின்றன. கோவேறு கழுதைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பெயர், பக்கத்தில் விலை. தாயும் கைக்குழந்தையும் ஒரே வரியில், ஒரே விலையில். முதியவர்களுக்கு எதிரே பல பட்டியல்களில் 0 என்று இருக்கும். விலையைக் கூட்டும்போது அந்த வரிகள் மொத்தத்தை மாற்றாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். தலைக்கணக்கில் அவர்களும் ஒன்று, வகுக்கும் எண்ணில் அவர்கள் இல்லையென்றால் சராசரி விலை தவறாகும், பிற்பாடு தம் முன்னோரைத் தேடி வருபவருக்கு அந்த ஒரே வரியும் கிடைக்காமல் போகும்.